முள் ஏறாத டயர்

வேங்கிக்கால், திருவண்ணாமலை

அன்புள்ள அம்மாவுக்கு,

கீர்த்தனா வணங்கி எழுதுவது. உன் மூட்டுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றுமில்லை.

பௌர்ணமியன்று மலை சுற்றும் கூட்டத்தில் ஆட்டோ ஓடாது. வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலைக்கு என் ரேஸ் சைக்கிள்தான் கதி. அதனால் முன்கூட்டியே சைக்கிள் கடைக்காரரிடம், எடை ஜாஸ்தியானாலும் பரவாயில்லை, உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த தடித்த டயரைப் போடச் சொன்னேன். அவர் மெல்லிசானதை மாட்டிவிட்டு, "இதுவும் அதேதாங்க, கண்ண மூடிக்கினு போங்க" என்றார். நம்பினேன்.

பௌர்ணமியன்று செங்கம் ரோட்டில் டயரில் கருவேல முள் ஏறிவிட்டது. புற்றுநோய் வலியில் திருமலை ஐயா என் ஊசிக்காகக் காத்திருந்தார். கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். தெருமுனையிலேயே அவர் அலறல் கேட்டது. ஊசி போட்டு வலி அடங்கியதும், "லேட்டானா இன்னாம்மா, வந்துட்ட இல்ல" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் கடையில் போய்க் கத்தினேன். "ரேஸ் சைக்கிளுக்கு மெல்லிசுதாங்க அழகு" என்கிறார்!

"அழக நீங்களே வெச்சுக்குங்க. வலியில அந்தப் பெரியவரு கத்துனத வந்து கேளுங்க" என்றேன். தடித்த டயரை மாட்டும்வரை நகரவில்லை. இன்னும் கோபம் ஆறவில்லை, அம்மா.

பூண்டு ஊறுகாய் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் உடனே வைத்துவிடாதே. பேச ஒன்றுமில்லாவிட்டால் அங்கே ஓடும் டிவி சத்தத்தையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதோ, திருமலை ஐயா வீட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள். கிளம்புகிறேன்.

உன் கீர்த்தனா