குளியலறையில் ஒரு ஃபெசன்ட்

சனி, ஒக்டோபர் 25

தூறல். ஐந்தரைக்கு எழும்பினேன். யூனிவர்சிட்டிக்குப் போன இரண்டு வருடத்தில் ஒருநாளும் கண்டிராத நேரம். நோர்பரியில் ரயில், குரொய்டனில் மாற்றம், பிறகு சறே பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன்.

ஒருநாள் வேலை. வரிசையாகக் காட்டுக்குள் நடந்து, தடியால் மரங்களைத் தட்டி, ஃபெசன்ட்களைக் கலைப்பது. கோழிச் சாதிதான், வால் மட்டும் நீளம். அவை எழும்பிப் பறக்க, மறுபக்கம் துவக்கோடு நிற்கும் எட்டுப் பேர் சுடுவார்கள். ஏன் போனேன்? பார்க்க. பொழுதுபோக்குக்குக் கொல்கிற ஆட்களை இதுவரை கிட்ட நின்று பார்த்ததில்லை.

பார்த்தது:
– ஒருவர் பல் டொக்டர். எனக்கு இருமல் இனிப்புத் தந்தார்.
– ஒருத்தி தன் நாயோடு மட்டும் கதைத்தாள்.
– ஒருவருக்கும் கொம்பு இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்.

கீத் என்பவர்தான் பறவைகளை வளர்க்கிறவர், எங்கள் வரிசைக்கும் தலைவர். குஞ்சில் இருந்து வளர்த்து, கோடையில் காட்டில் விட்டு, விசிலடித்துத் தீனி போடுகிறாராம். விசில் கேட்டால் ஓடி வருமாம். அதையே பிறகு சுட விடுகிறீர்களே, ஒரு மாதிரி இல்லையா என்று கேட்டேன். நீ தின்கிற கோழி எப்போதாவது ஒரு மரத்தைக் கண்டிருக்குமா என்று திருப்பிக் கேட்டார். போன கிழமைதான் ஸ்ட்ரெதமில் பொரித்த கோழி, ஆறு துண்டு தின்றேன்.

அவருடைய ஒரே கடும் சட்டம்: காயப்பட்டு விழுந்தால், கிட்ட நிற்கிறவர் உடனே கொன்றுவிட வேண்டும். வேதனைப்பட விடக் கூடாது. கழுத்தை எப்படிப் பிடித்து இழுப்பது என்று செத்த ஒன்றில் காட்டினார்.

மூன்று மணி போல் கடைசிச் சுற்று. ஒன்று எனக்குப் பக்கத்தில் விழுந்தது. பேடு, மண் நிறம். ஒரு செட்டை தொங்கத் தொங்க ஓடியது. பாய்ந்து பிடித்தேன். கைக்குள் அதன் நெஞ்சு டக் டக் டக்.

மரங்களுக்கு அப்பால் இருந்து கீத்: முடித்துவிட்டாயா?

முடித்துவிட்டேன் என்றேன். பொய். காப்பாற்றலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். முதுகுப் பைக்குள் வைத்து, மூச்சுவிடப் பையின் ஸிப்பைக் கொஞ்சம் திறந்து விட்டேன்.

போகும்போது ஆளுக்கு ஒரு சோடி செத்த பறவை கொடுப்பது வழக்கமாம். வேண்டாம் என்றேன். ரயிலில் பை அசைந்தது. முன்னால் இருந்தவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் அம்மாவுக்குக் கந்தசஷ்டி விரதம், நாலாம் நாள். பாலும் பழமும். ஆறு நாளும் வீட்டுக்குள் ஒரு முட்டை கூட வரக் கூடாது.

"சஷ்டிக்குள்ள இறைச்சியோ பிள்ளை கொண்டு வந்தனீ?"

"இறைச்சி இல்லை அம்மா, உயிரோட இருக்கு."

"ஐயோ, அது அதைவிட மோசம்!"

உடுப்புக் கூடைக்குள் வைத்தாயிற்று. கூடை குளியலறையில்.

ஞாயிறு, ஒக்டோபர் 26

மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. மைக்ரோவேவில் இன்னும் பழைய நேரம்.

தின்னவில்லை. அரிசி, பட்டாணி, அம்மாவின் விரத வாழைப்பழம், ஒன்றும் வேண்டாம். ஞாயிறு என்பதால் மிருக வைத்தியரின் கிளினிக் பூட்டு. காயப்பட்ட காட்டு மிருகங்களுக்கான நம்பரில் வொய்ஸ்மெயில்.

தொட மாட்டேன் என்று வாசலில் நின்ற அம்மா, பத்து நிமிடத்தில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தார். செட்டையில் மஞ்சள், தலையில் திருநீறு. எலும்பு வெளியே தெரிகிறது. பூசும்போது அது கண்ணை மூடியது.

"பாத்தியே, அதுக்குச் சுகமா இருக்கு."

எனக்கு அப்படித் தெரியவில்லை.

அண்ணை பல் மினுக்க வந்தார். "என்னடி, சஷ்டி முடியட்டும் எண்டு வச்சிருக்கிறியோ? செவ்வாய்க்கிழமை கறியோ?"

"வாயைக் கொப்பளிச்சிட்டு வெளியில போங்கோ."

அம்மா விடவில்லை. "துவக்குக்காரரோட உனக்கென்ன பிள்ளை வேலை?"

"உங்கட முருகனே வள்ளியிட்ட வேடனாத்தானே வந்தவர். மானைத் தேடுறன் எண்டு."

"அவர் ஒரு மானையும் சுடேல்லை. அவர் வந்தது பெட்டையைப் பாக்க."

அண்ணை சிரித்ததில் கண்ணாடி முழுக்கப் பேஸ்ட்.

தின்னக் கொல்வது சரி, விளையாட்டுக்குக் கொல்வது பிழை. வெள்ளிக்கிழமை வரை இது எனக்குத் தெளிவு. ஆனால் பறவைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? சுட்டவருக்குத்தான் தெரியும். அப்போ பிழை அவருடைய சந்தோஷத்திலா, இதனுடைய செட்டையிலா? பல் டொக்டர் மிக உயரத்தில் போன ஒன்றை விழுத்தினார். எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்கும் ஒரு கணம் வடிவாகத்தான் இருந்தது. இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

திங்கள், ஒக்டோபர் 27

மழை இல்லை. குளிர். வாயைத் திறந்து திறந்து மூச்சு இழுக்கிறது. கூடையில் நாற்றம்.

எட்டரைக்குக் கிளினிக் திறந்ததும் போன் எடுத்தேன். படம் அனுப்பினேன். எலும்பு பொருந்தாது, கொண்டு வந்தாலும் ஊசி போட்டுக் கொல்வதுதான் என்றாள் போனில் இருந்த பெண். அதற்கும் பின்னேரம் நாலரைக்குத்தான் நேரம் இருக்கிறதாம்.

எட்டு மணித்தியாலம். எனக்கு எப்படிச் செய்வது என்று தெரியும். அதுதான் பிரச்சினை.

அம்மாவிடம் போனேன். இன்று விரதத்தின் கடைசி நாள், பின்னேரம் கோயிலில் சூரன் போர்.

"நீங்கள் கோயிலுக்குப் போங்கோ. போனாப் பிறகு நான் செய்யிறன்."

"நான் வெளிக்கிட மூண்டு மணியாகும். அதுவரைக்கும் இது இப்பிடி இழுத்துக்கொண்டு கிடக்கிறதோ?"

"விரதம் அம்மா."

"யூனியையும் பாதியில விட்டனீ. இதையும் பாதியில விடாதை."

குளியலறை நிலத்தில் இருவரும். அம்மா இரண்டு கையாலும் உடம்பைப் பிடித்தார், முகத்தைத் திருப்பவில்லை. நான் திருப்பினேன். பிறகு, பார்க்காமல் செய்ய ஏலாது என்று விளங்கியது. முதல் தரம் சரிவரவில்லை. இரண்டாம் தரம். அதற்குப் பிறகும் நல்ல செட்டை கொஞ்ச நேரம் அடித்தது. அம்மாவின் மடியெல்லாம் மஞ்சள்.

அவர் தலைக்குக் குளித்தார். விரதம் போச்சா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"தெரியாது பிள்ளை. கோயிலில முருகனிட்டக் கேக்கிறன்."

மத்தியானம் கீத்துக்குப் போன் எடுத்து, பொய் சொன்னேன் என்று சொன்னேன். எப்போது செத்தது என்றார். இன்று காலை என்றேன். இரண்டு இரவு, என்றார். இனி வராதே, இப்படிச் செய்கிற ஒருத்தியை என் வரிசையில் நிற்க விட மாட்டேன்.

சரி என்றேன். சரிதான்.

பிறகு ஒன்று கேட்டேன். சண்டைக்கு இல்லை, உண்மையாகவே அறிய. காயத்தோடு பறந்து போய், ஒருவர் கையிலும் அகப்படாமல் விழுகிறவை? அவற்றுக்கு எத்தனை இரவு?

அவர் போனை வைக்கவில்லை.