பட்டணத்தில் அப்பாவுக்கு ஒரு வாரம்

தூத்துக்குடி,
11-11-74, திங்கள்.

அன்புள்ள மகன் எஸ்றாவுக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் உன் தங்கை ஜெபசெல்வியும் சரீரத்தில் சுகமாக இருக்கிறோம், மனதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கப் போவதில்லை, கேட்டால் 'நலம், படிப்பு நன்றாகப் போகிறது' என்று எப்போதும் எழுதுகிற இரண்டு வரியைத்தான் எழுதுவாய். பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்ததும் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன், எக்ஸ்பிரஸ் டெலிவரியில் போடப் போகிறேன், ஏனென்றால் வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா ரயில் ஏறுகிறார்கள், சனிக்கிழமை காலையில் எழும்பூரில் வந்து இறங்குகிறார்கள், ஒரு வாரம் பட்டணத்தில் உன்னோடு இருக்கப் போகிறார்கள். தந்தி அடிக்கலாமென்று முதலில் நினைத்தேன், தந்தி என்றதும் தெருவே கூடி யாருக்கு என்ன என்று கேட்கும், அதனால் அடிக்கவில்லை.

இங்கே மழை பிடித்துக்கொண்டது, உப்பளத்தில் எல்லாம் வேலை நின்றுவிட்டது, கொல்லைச் சுவர் நனைந்து ஒரு பக்கம் சரிந்துவிட்டது, அப்பா ஊருக்குப் போய் வந்துதான் கட்ட வேண்டும். ஜெபசெல்வி கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறாள், அண்ணனைப் போல நானும் பட்டணத்தில்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது ஒரு வாரமாகச் சொல்லக் காணோம். பின்தெருவில் தோணி ஓட்டுகிற தண்டல் மிக்கேல் உனக்கு நினைவிருக்கும், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன்னைத் தோளில் வைத்துத் தோணியைச் சுற்றிக் காட்டினாரே அவர்தான், கொழும்பிலிருந்து போன வாரமே வந்திருக்க வேண்டிய தோணி இன்னும் வரவில்லை. அவர் சம்சாரம் ரோஸ் காலையும் மாலையும் பழைய துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், வழியில் என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது, நானும் தலையை ஆட்டிவிட்டு வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருடப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டதாக ஜூன் மாதம் எழுதினாய் அல்லவா, அந்தக் கடிதத்தை வாசித்த கையோடு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு உன் பேரில் காணிக்கை வைக்கிறேன் என்று பொருத்தனை பண்ணிக்கொண்டேன். நேற்றைக்கு முந்தின ஞாயிறு பண்டிகை. குருவானவர் ஒவ்வொரு குடும்பமாக வாசித்துக்கொண்டு வந்து, கிருபாநிதி ஜீவமணி குடும்பத்தார் தங்கள் மகன் எஸ்றா காலேஜ் பரீட்சையில் தேறினதற்காக என்று கோயில் நிறைய ஜனங்களுக்கு முன்பாகக் கணீரென்று வாசித்தார், நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், ஏன் மறைக்க வேண்டும். ஆராதனை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம், எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் கிளாடிஸ் வந்தாள். அவள் அண்ணன் மகன் உன் வகுப்புதான், நீயே சொல்லியிருக்கிறாய். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனதில் வந்ததை அப்படியே போட்டு உடைக்கிற குணம் அவளுக்கு. 'யக்கா, எஸ்றா தேறிட்டானா, எங்க அண்ணன் மவன் வேறல்லா சொல்லுதான், இந்த வருசம் தொறந்ததுல இருந்தே அவன் கிளாசுக்கு வாரதில்லையாம், பேரையே எடுத்துட்டாங்களாம்லா' என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள், அதற்குப் பிறகு அவள் எதையோ சொல்லிச் சமாளித்தாள், என் காதில் விழவில்லை. அப்பா என் பக்கத்திலேயேதான் குடையை விரித்தபடி நின்றிருந்தார்கள். வீடு வரைக்கும் குடையை எனக்கும் ஜெபசெல்விக்குமே பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு வந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் உன் பேர் வரவில்லை. அப்பாவின் ஜெபம் உனக்குத் தெரியாததா, நீ பிறந்த நாளிலிருந்து வரிசை மாறியதில்லை, முதலில் வீட்டிலிருக்கிறவர்கள், அடுத்து படிக்கிற பிள்ளைகள், பிறகு வியாதிப்பட்டவர்கள், கடைசியாகக் கடலில் இருக்கிறவர்கள். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக மூட்டை எண்ணி அனுப்புகிற மனிதருக்குக் கப்பலில் போகிறவர்கள் மேல் ஒரு பாரம். படிக்கிற பிள்ளைகள் என்றால் எஸ்றா, ஜெபசெல்வி என்று இரண்டு பேர் வரும். அன்றைக்கு ஜெபசெல்வி என்று மட்டும் வந்தது. அவள் சடக்கென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்பா கோபித்துக்கொண்டு சத்தம் போட்டிருந்தால்கூட நான் பதிலுக்குப் பத்து வார்த்தை பேசி ஆறியிருப்பேன். சாப்பிட வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், குழம்பில் உப்பு இல்லாததுகூடத் தெரியாமல் எழுந்து போகிறார்கள், இந்த வீட்டில் ஒரு வாரமாக மழைச் சத்தம்தான் கேட்கிறது.

வியாழக்கிழமை வந்து ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றார்கள். கூட வேலை பார்க்கிற சிவனாண்டி அண்ணாச்சி மறுநாள் வீட்டுப் பக்கம் வந்தவர், 'லீவே எடுக்காத கிருபாநிதி லீவு கேட்டதும் எங்க ஆபீசரு பேரை ரெண்டு மட்டம் கேட்டுக்கிட்டாருல்லா' என்று சிரித்தார். பட்டணம் பார்க்கப் போகிறேன் என்று அவரிடம் அப்பா சொல்லியிருக்கிறார்கள். குற்றாலத்துக்குப் போய்த் துண்டு நனையாமல் திரும்பி வந்த மனிதர், அவர்களுக்கா பட்டணம் பார்க்கிற ஆசை. நேற்று ஆராதனை முடிந்து வந்து, 'ஏளா, நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் பட்டணம் போயிருக்கேல்லா, ஒரு வாரத்துக்கு அங்கன என்னென்ன பாக்கலாம், சொல்லு' என்று கேட்டார்கள். நான் இதற்குத்தான் காத்திருந்தது போல் ஆரம்பித்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மெரினா போங்கள் என்றேன், கடலைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா என்றார்கள், கடல் வேண்டாம், எதிரே மீன் காட்சி இருக்கிறது, குழம்பில் பார்த்த மீனைக் கண்ணாடிக்குள் நீந்திப் பாருங்கள் என்று சொல்லப் போய், நீந்துகிறதைப் பாருங்கள் என்று திருத்திக்கொண்டேன், அதற்கும் சிரிக்கவில்லை. ஞாயிறு காலை ஆராதனை, சாயங்காலம் சாந்தோம். திங்கட்கிழமை உயிர்க் காலேஜ், புலியும் குரங்கும் பார்க்கப் பகல் முழுதும் வேண்டும். செவ்வாய்க்கிழமை செத்த காலேஜ் என்கிற மியூசியம், அங்கே திமிங்கில எலும்பு இருக்கிறது, பிள்ளைகள் அதன் பக்கத்தை விட்டு வரவே மாட்டோம் என்றார்கள். புதன்கிழமை பரங்கிமலை, படி ஏற வேண்டும், முழங்காலுக்குத் தைலம் வைத்து அனுப்புகிறேன் என்றேன். வியாழக்கிழமை பட்டணத்துத் துறைமுகம், அங்கே எப்படி எண்ணி இறக்குகிறார்கள் என்று உங்களுக்குப் பார்க்கப் பிடிக்கும் என்றேன். வெள்ளிக்கிழமை மவுண்ட் ரோட்டில் பதினாலு மாடி, பிறகு மூர் மார்க்கெட், ஜெபசெல்விக்குப் பூத்தையல் நூல். விடிந்தால் புறப்பட்டு விளக்கு வைத்தால் திரும்பும்படி ஒரு நாள் விடாமல் நிரப்பினேன். ஏன் நிரப்பினேன் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும். காலேஜ் திறந்திருக்கிற ஒரு பகல்கூட அவர்கள் கையில் சும்மா இருக்கக் கூடாது, அந்தக் கேட்டுக்குள் அவர்கள் போய் எஸ்றா எந்த வகுப்பு என்று யாரையும் கேட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். உன்னை எப்படியாவது அந்த ஒரு வாரம் காப்பாற்றிவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பைத்தியக்காரி போல் நினைத்தேன்.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்து, 'திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் பகல் பூரா என்னையக் கூட்டிட்டு அலைஞ்சா, அவன் எப்போ காலேஜுக்குப் போவான்?' என்று கேட்டார்கள். எஸ்றா, அத்தனை பிள்ளைகளை அதட்டி மேய்க்கிறவள் நான், அகப்பட்டுக்கொண்டேன். நானும் கிளாடிஸ் சொன்னதை நம்பிவிட்டேன் என்பது அந்த ஒரு கேள்வியில் அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன், அடுப்பில் ஒன்றுமில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். வீட்டிலிருக்கிறவர்கள் வந்தது. படிக்கிற பிள்ளைகளில் ஜெபசெல்வி மட்டும் வந்தாள். வியாதிப்பட்டவர்கள் வந்தது. இனி இல்லை என்று நான் மனதை விட்டுவிட்டேன். கடலில் இருக்கிறவர்கள் என்று ஆரம்பித்து, இன்னும் கரை வந்து சேராத தண்டல் மிக்கேலையும் அவர் தோணியிலிருக்கிற ஆட்களையும் சொல்லி, பிறகு 'எங்கள் மகன் எஸ்றாவையும்' என்றார்கள். நான் ஆமென் சொல்லவில்லை, ஜெபசெல்விதான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இதை எழுதும்போதும் வருகிறது, எதிரே கிளாடிஸ் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாசாங்கு பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் நான் சொன்ன மீனும் புலியும் மாடியும் அப்படியே கிடக்கட்டும். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நீ ஜூலையில் திருவல்லிக்கேணியில் அறை எடுத்தாயே, அப்போதே நான் விழித்திருக்க வேண்டும், சாப்பாட்டுக்குக் குறை சொல்கிற பிள்ளையா நீ. தேறாமல் போனாயா, படிக்கப் பிடிக்காமல் விட்டாயா, வேறு ஏதாவது வம்பில் மாட்டினாயா எனக்குத் தெரியாது. கிளாடிஸ் வீட்டுப் பையன் சொன்னது பொய் என்றால் என்னைத் திட்டிப் பத்துப் பக்கம் எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். பொய் இல்லையென்றால் நான் சொல்வதைக் கேள். அப்பா உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீ புலியைக் காட்டினால் புலியைப் பார்ப்பார்கள், மலையைக் காட்டினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள், ஒரு வாரமும் நீயாகச் சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டு கூட நடப்பார்கள். நீ சொல்லாமலே எழும்பூரில் கொண்டுபோய் ஏற்றிவிட்டால் பேசாமல் வண்டி ஏறி வந்துவிடுவார்கள். அப்படி வந்து இறங்குகிற மனிதரை வைத்துக்கொண்டு நான் இந்த வீட்டில் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. கருவாடும் முறுக்கும் கட்டி அனுப்புகிறேன், அறையில் எறும்பு வராத இடமாகப் பார்த்து வை. அங்கேயும் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், உன்னிடம் குடை இல்லையென்றால் அப்பா குடையை உனக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைவார்கள், ஆகவே யாரிடமாவது ஒன்று இரவல் வாங்கி வை. தலைமுடியை வெட்டிக்கொள். ஜெபசெல்வி தனியாக எழுதுவதாகச் சொன்னாள், வேண்டாம், அண்ணன் முதலில் எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மணி அடிக்கப் போகிறது. ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணியாகக் காப்பாராக, உனக்கு உண்மை பேசும் தைரியத்தைத் தருவாராக, நீ எங்கே எப்படி இருந்தாலும் எங்கள் பிள்ளைதான், அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த ஒரு வாரத்தில் நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான், அதற்குப் பட்டணத்துக்குள் எங்கேயும் போக வேண்டாம். சனிக்கிழமை வண்டி வருவதற்கு முன்பே எழும்பூரில் வந்து நில், அப்பா இறங்கினதும் பையை வாங்கு, வாங்கின கையோடு அந்தப் பிளாட்பாரத்திலேயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
ஜீவமணி கிருபாநிதி.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ரோஸ் பள்ளிக்கூட வாசல் வழியாகத் துறைமுகத்துக்குப் போகிறாள். தோணி இன்னும் வரவில்லை.