கரண்ட் வேலை

மார்ச் 4

அன்புக் குட்டிம்மாவுக்கு,

நான் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்து பதினொரு நாள் ஆகிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டில் குழாய் ஒழுகி சமையலறை முழுக்கத் தண்ணீர். இரண்டு நாள் அதிலேயே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அங்க தனியா என்னப்பா பண்றீங்க, எங்களோடயே வந்து இருந்துடுங்க" என்று நீ கேட்டபோது, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இப்போதைக்கு வேண்டாம் அம்மா. விசா காகிதம் எதுவும் அனுப்பாதே.

நீயும் மாப்பிள்ளையும் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. லீவு போட்டு அந்த நாடக ஆசிரியரின் ஊருக்கே கூட்டிப் போனாயே! நம் நாடகக் குழு அவர் நாடகத்தைத் தமிழில் போட்ட முப்பத்தொரு வருஷமும் அதற்கு விளக்குப் போட்டவன் நான். அவர் உட்கார்ந்து எழுதிய மேஜையைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். தொடக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்களாம். நல்லவேளை, அந்தப் பாஷை எனக்குப் படிக்கத் தெரியாது.

காரில் கூட்டிப் போன உன் மேனேஜரம்மாவுக்கு என் நன்றியைச் சொல். அவர் வீட்டு ஹால் விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று கேட்டு எழுது.

அப்பா

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

விளக்கு எரிகிறதாம், கேட்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அந்த நாடக ஆசிரியரின் வீட்டில், கதாநாயகி தனியாக உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சிக்காக அவரே செய்து வைத்திருந்த அட்டை மேடையைக் காட்டி, வழிகாட்டிப் பெண் அதன் மேலிருந்த சின்ன விளக்கைப் போட்டாள். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "சாயங்கால வெளிச்சம் இவ்வளவு உயரத்துலேருந்து வராதும்மா. அவ மடியில விழற மாதிரி இறக்கணும். சொல்லேன்" என்றீர்கள். நான் சொல்லவில்லை. ஐயா நாடகத்தில் இருந்தவரா என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள். இல்லை, எலக்ட்ரீஷியன் என்றேன். அந்த வார்த்தை எந்தப் பாஷையிலும் உங்களுக்குப் புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உடனே மேனேஜரம்மா, தன் வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை என்று ஆரம்பித்தார்கள். திரும்பும் வழியில் அவர்கள் வீட்டு ஹாலில் நீங்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலி மேல் ஏறினீர்கள். நான் கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

எனக்கு எட்டு வயதில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோமே, நாடகக்காரர் என்றதும் மூன்று இடத்தில் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா என்ன பண்றாருன்னு யாராவது கேட்டா கரண்ட் வேலைன்னு சொல்லு. நாடகம்னு மூச்சு விடாதே" என்றாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன நாலாவது வீட்டில் அதைச் சொல்லித்தான் சாவி வாங்கினாள். பள்ளிக்கூடத்திலும் அதுதான், என் கல்யாணப் பேச்சிலும் அதுதான். வாயில் ஊறிப்போன பதில் அப்பா. வெட்கமே இல்லை என்றால் அது பொய்.

மன்னித்துவிடுங்கள். தயவுசெய்து வந்துவிடுங்கள்.

உங்கள் குட்டிம்மா

ஏப்ரல் 2

அன்புக் குட்டிம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ சொன்ன வார்த்தை எனக்கு அங்கேயே புரிந்தது. சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளக்கு எரிந்ததும் அந்த அம்மா கை தட்டினாரே, பார்த்தாயா? முப்பத்தொரு வருஷமும் ஜனங்கள் மேடையைப் பார்த்துத்தான் தட்டினார்கள். என் முகத்தைப் பார்த்து ஒருவர் தட்டியது அன்றைக்குத்தான். அதை நினைத்து விமானத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, நீ இன்னொரு தடவை கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அம்மா சொல்லிக்கொடுத்தது எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு புது நாடகத்துக்கும் வந்து முன்வரிசையில் உட்காருவாள். இந்த வீடு கிடைத்தபோது, "உங்க பேரைச் சொன்னதும் சாவியைக் குடுத்துட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள். நானும் அதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். கேட்டவர்களில் யாருக்கெல்லாம் உண்மை தெரியுமோ. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஏன் அப்படிச் செய்தாய் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது?

உன் மேல் தப்பு இல்லை. எட்டு வயதுக் குழந்தை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாய். ஆனாலும் இதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம் குட்டிம்மா.

நான் அங்கே வரவில்லை. கோபம் இல்லை. இந்த வீட்டில் அவளோடு இருந்ததையெல்லாம் முதலிலிருந்து நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை இங்கே இருந்துதான் செய்ய முடியும்.

ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல் போன் பண்ணு. இதைப் பற்றி நீயும் பேசாதே, நானும் பேசவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேள். சாப்பிட்டேன் என்று சொல்கிறேன்.

அப்பா