மூன்றாம் வகுப்பின் சவால் அட்டைகளைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்
மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி ஒருவரின் வீட்டுப் பொறுப்பாளர்,
கண்ணாடி வெட்டும் கடை,
தொடக்கப் பள்ளியின் பின்வாசல் தெரு.

பெறுநர்
தொடக்கக் கல்வி அலுவலர் அவர்கள்,
தொடக்கக் கல்வி அலுவலகம்.

பொருள்: மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் வீட்டுச் சவால் அட்டைகளை நிறுத்திய உத்தரவை விலக்கவும், வகுப்பாசிரியையிடம் கேட்கப்பட்ட விளக்கத்தைக் கைவிடவும், இவ்விரண்டுக்கும் காரணமான என் முந்தைய புகாரைத் தள்ளுபடி செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார் மனு, நாள் 17.07.2023.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 05.10.2023.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதியவன் நான்தான். பார்வை இரண்டில் கண்ட உத்தரவு அந்தப் புகாரின் பேரில் பிறப்பிக்கப்பட்டது. இம்மனுவில் குற்றவாளி யார் என்று தாங்கள் பக்கம் பக்கமாகத் தேடி அலையக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. நான் பதினாறு ஆண்டுகளாகக் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் தொழில் செய்கிறேன். சென்ற ஆண்டு தொடக்கத்தில், மேற்படி மாணவியின் தாயாரை மணந்தேன். அவர் மருத்துவமனையில் செவிலியர். மாணவியின் தந்தை அவளுடைய நான்காம் வயதில் நோயால் காலமாகிவிட்டார். மாணவிக்கு இப்போது எட்டு வயது. வீட்டில் கட்டெறும்பு என்று அழைக்கப்படுகிறாள். பெயர்க்காரணம் அவளோடு அரை மணி நேரம் இருந்தால் விளங்கும்.

3. தாயாருக்குப் பெரும்பாலும் பிற்பகல் பணி. ஆகவே பள்ளி விட்டபின் மாணவியும் நானும் மட்டுமே வீட்டில் இருப்போம். முதல் ஓராண்டில் அவள் என்னை எந்த உறவுமுறை சொல்லியும் அழைத்ததில்லை. ஏதேனும் தேவைப்பட்டால் எதிரே வந்து நிற்பாள். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பாள். ஒருமுறை கணக்குப் பார்த்தபோது கால் மணி நேரம் நின்றிருந்தாள் என்று தெரிந்தது. அவளுக்கு அன்று வேண்டியிருந்தது ஒரு அழிப்பான் மட்டுமே.

4. இந்நிலையில் புதிய வகுப்பாசிரியை பொறுப்பேற்றார். அவர் வகுப்பை நான் வேலை நிமித்தமாகப் பார்த்திருக்கிறேன். துணி காயப்போடும் கொடி ஒன்றைச் சுவருக்குச் சுவர் கட்டி, சொற்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார். ‘ர’ வரும் சொற்கள் ஒரு பக்கம், ‘ற’ வரும் சொற்கள் மறு பக்கம். தப்பான இடத்தில் தொங்கும் சொல்லைப் பிள்ளைகளே கண்டுபிடித்து இடம் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து ஆளுக்கொரு அட்டை எடுப்பார்கள். அதில் வீட்டில் செய்ய வேண்டிய ஒரு சவால் இருக்கும். திங்கட்கிழமை காலை, செய்ததை எழுந்து நின்று சொல்ல வேண்டும். சரி, தப்பு மதிப்பெண் கிடையாது.

5. மாணவிக்கு வந்த முதல் அட்டை: ‘உன் குடும்பத்தில் உள்ளவர்களின் உயரத்தை அளந்து பட்டை வரைபடம் வரை.’ அவள் என் எதிரில் வந்து நின்றாள். கடை டேப்பைக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன்.

6. அடுத்த திங்கட்கிழமை, அதே வகுப்பில் உடைந்திருந்த ஜன்னல் கண்ணாடியை மாற்ற என்னை அழைத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் வரைபடங்கள் ஒட்டப்பட்டிருந்தன. மாணவியின் தாளில் மூன்று பட்டைகள். அம்மா, ‘நான்’ என்று அவள், காலமான அப்பா. அவளுடைய தந்தை எங்கள் வீட்டு பீரோவில் சாய்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. அதில் அவர் தலை, பீரோக் கண்ணாடியின் மேல்விளிம்புக்குச் சரியாக வருகிறது. தரையிலிருந்து அந்த விளிம்புவரை அளந்து, நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தாள். ஆசிரியைக்குப் பெருமை தாங்கவில்லை. “பீரோவ வச்சு கண்டுபிடிச்சிருக்கா சார், நான் சொல்லியே தரல” என்று என்னிடம் காட்டினார். அவருக்கு எங்கள் வீட்டு விவரம் தெரியாது. நான் சிரித்தேன், பாராட்டினேன், ஜன்னல் கண்ணாடியைப் பொருத்தினேன், வீட்டுக்கு வந்தேன். அன்று மாலையே பார்வை ஒன்றில் கண்ட புகாரை எழுதித் தபாலில் சேர்த்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

7. அப்புகாரில் மூன்று குற்றச்சாட்டுகள் இருந்தன. சவால் அட்டைகள் குடும்ப விவகாரங்களில் மூக்கை நுழைக்கின்றன என்பது ஒன்று. பிள்ளைகள் ஸ்டூல் மேல் ஏறி ஆபத்தான வேலைகள் செய்கிறார்கள் என்பது இரண்டு. உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்பது மூன்று. ஸ்டூல் மேல் யாரும் ஏறவில்லை. அது என் கைச்சரக்கு. மற்ற இரண்டும் எழுதுவதற்கு வசதியாகக் கிடைத்த காரணங்கள். நாற்பத்தோரு வயது ஆள், எட்டு வயதுப் பிள்ளையின் வரைபடத்தில் தனக்குப் பட்டை இல்லை என்று கோபித்துக்கொண்டேன். நடந்தது அவ்வளவே. இதைத் தங்கள் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

8. தங்கள் அலுவலகம் என் புகாரின் மீது நடவடிக்கை எடுக்க எண்பது நாட்கள் ஆயின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த எண்பது நாட்களுக்காக என் குடும்பம் தங்கள் அலுவலகத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. ஏனெனில் வெள்ளிக்கிழமை அட்டைகள் அதுவரை நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

9. அடுத்து வந்த ஒரு அட்டை: ‘ஒரு நிமிடத்தில் உன் வீட்டில் என்னென்ன நடக்கிறது?’ மாணவி என் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு சமையலறைக் குழாயடியில் உட்கார்ந்தாள். நிமிடத்துக்கு முப்பத்தெட்டுச் சொட்டு ஒழுகுகிறது என்று அறிவித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஸ்பானரை எடுத்து உடனே குழாயைச் சரி செய்தேன். “இன்னும் எண்ணி முடிக்கல. அதுக்குள்ள ஏன் சரி பண்ணீங்க?” என்று கேட்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. என்ன செய்வது, குழாயை மறுபடி தளர்த்தினேன். முன்போலவே முப்பத்தெட்டு வர வேண்டும் என்றாள். நாற்பத்தொன்று வந்தது. பிறகு முப்பது. இருவரும் தரையில் உட்கார்ந்து, அரைத் திருகு இந்தப் பக்கம், கால் திருகு அந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரம் குழாயை ஒழுக வைத்தோம். குழாய் ஒழுகுவதற்காக இத்தனை பாடுபட்ட வீடு வேறு இருக்காது. திங்கட்கிழமை வகுப்பே சேர்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை வாளி வீணாகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறது. அதைக் கேட்ட தலைமையாசிரியர் பள்ளியில் ஒழுகிய மூன்று குழாய்களைச் சரி செய்தார். அவற்றைத் தாங்கள் நேரில் பார்க்கலாம்.

10. இன்னொரு அட்டை, அளக்கும் முன் ஊகிக்கச் சொன்னது. கூடத்தின் நீளத்தை அவள் பதினோரு அடி நாலு அங்குலம் என்றாள். நான் தொழில்காரன் என்ற தெம்பில் யோசிக்காமல் பன்னிரண்டு என்றேன். டேப் பதினோரு அடி ஐந்து அங்குலம் காட்டியது. “கண்ணாடிக்காரரு தோத்துட்டாரு” என்ற செய்தி அன்றே மாடிப்படி முழுக்கப் பரவிவிட்டது. கீழ்வீட்டுத் தபால்காரர் இன்றுவரை என்னைப் பார்த்தால் கைகளை அகலமாக விரித்து, “இது எத்தனை அடி சார்?” என்று கேட்கிறார்.

11. என் கடைப் பலகையில் ஒன்பது ஆண்டுகளாகக் ‘கண்ணாடி அருத்துத் தரப்படும்’ என்று எழுதியிருந்தது. பொறியாளர்கள், வக்கீல்கள், ஒரு கல்லூரி முதல்வர் உட்படப் பலர் அதன் கீழ் நின்று பேரம் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. மாணவி ஒரு சனிக்கிழமை அண்ணாந்து பார்த்தாள். “இந்த ‘ரு’ கொடியில அந்தப் பக்கம் தொங்கணும்” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “பரவால்ல, கண்ணாடி சரியாத்தான் அறுக்கறீங்க” என்று ஆறுதலும் சொன்னாள். பலகையைத் திருத்திவிட்டேன்.

12. அன்று அவள் கடைக்கு வந்ததும் ஒரு அட்டைக்காகத்தான். ‘வீட்டில் ஒருவர் செய்யும் வேலையைப் பார்த்து, அவரிடம் ஐந்து கேள்வி கேள்.’ அம்மாவின் மருத்துவமனைக்குப் போகாமல் என் கடைக்கு ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவாளோ என்று பயம். கண்ணாடி எதனால் செய்கிறார்கள், கையில் எத்தனை தடவை வெட்டியிருக்கிறது, மிச்சத் துண்டுகளை என்ன செய்வீர்கள், உங்களுக்குப் பிடித்த கருவி எது என்று நான்கு கேள்விகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது கேள்விக்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். “எங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க யார்கூட சாப்பிட்டீங்க?”

13. இந்த மேசையில், செய்தித்தாள் விரித்து, தனியாகச் சாப்பிட்டேன் என்று சொன்னேன். தினமுமா என்றாள். தினமும் என்றேன். பென்சிலை எடுத்துத் ‘தனியா’ என்று எழுதினாள். மேசையை அளந்தாள். ‘ஆறடி மேசை, ஒரு ஆள்’ என்று அதன் கீழ் எழுதினாள். ஐயா, பதினாறு ஆண்டுத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. என் மனைவிகூட அதைக் கேட்டதில்லை. பாடநூலில் அப்படிக் கேட்கச் சொல்லித் தரும் பக்கம் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் எதிரே வந்து நிற்பதில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

14. இப்படி இருக்கையில்தான், நான் ஏறக்குறைய மறந்தே போயிருந்த புகாருக்கு, சென்ற வியாழக்கிழமை தங்கள் உத்தரவு வந்தது. பிஸ்கட் டப்பா தலைமையாசிரியர் அலமாரிக்குப் போயிற்று. ஆசிரியை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு அட்டைக்குப் பதில், இருபது கோடிட்ட இடங்கள் கொண்ட அச்சுத்தாள் தரப்பட்டது. மாணவி அதைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டாள். “இதுல வீட்ல யாருமே தேவையில்ல” என்று சொல்லி, தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

15. அன்று மாலை அவளை அழைத்துவரப் போனபோது ஆசிரியை எப்போதும்போல வணக்கம் சொன்னார். புகாரின் நகல், என் கையெழுத்தோடு, அவர் கையில் சேர்ந்திருந்தது. பிள்ளைகள் வாசல் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து, தணிந்த குரலில், “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், அட்டைய மாத்திக் குடுத்திருப்பேன்” என்றார். மாணவியிடமும், வேறு யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

16. நேற்று ஞாயிற்றுக்கிழமை, மனைவி வீட்டில் இருக்கும்போது இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். மனைவி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “நீங்க எழுதினது. நீங்கதான் போய் நிக்கணும்” என்றார். மாணவி மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். “என்னாலயா கோவம் வந்துச்சு?” என்று கேட்டாள். கொஞ்சம் வந்தது, ஆனால் தப்பு உன்னுடையதில்லை என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, “அப்ப உங்கள எனக்கு அவ்வளவா தெரியாது” என்றாள். அது நியாயமான பதில். அதற்கு எதிராக என்னால் எந்த மனுவும் எழுத முடியாது.

17. நேற்று மாலையும் இன்று காலையும் பதினான்கு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். யாரையும் வற்புறுத்தவில்லை. கணக்கர் ஒருவர் மட்டும், “என் பையன் எடை போடாம ஒரு வெங்காயத்தையும் உரிக்க விடமாட்டேங்கறான். கையெழுத்து போடறேன், அட்டையோட குடுத்துவிட்ட தராச மட்டும் பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கச் சொல்லுங்க” என்று நிபந்தனை விதித்தார். அவர் நிபந்தனையையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

18. ஆகவே, என் முந்தைய புகாரை முழுவதுமாகத் தள்ளுபடி செய்து, ஆசிரியையின் பணிப் பதிவேட்டில் இதன் சுவடே விழாதபடி பார்த்துக்கொண்டு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அந்த டப்பாவை வகுப்புக்குத் திருப்பி அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பொய்ப்புகார் கொடுத்ததற்கு என் மீது நடவடிக்கை எடுக்க விதி இருந்தால் எடுங்கள். எப்போது அழைத்தாலும் வருகிறேன். இம்மனுவைப் பற்றி ஆசிரியைக்கு எதுவும் தெரியாது.

நாள்: 09.10.2023
இடம்: மேற்படி முகவரி

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்

இணைப்பு:
1. பதினான்கு பெற்றோரின் கையெழுத்துத் தாள்.
2. தங்களுக்காக மாணவி எழுதிய அட்டை ஒன்று. இதைச் சேர்க்காவிட்டால் மனுவைத் தர மாட்டேன் என்று உறையைப் பிடித்துக்கொண்டதால் சேர்த்துள்ளேன். அவள் எழுதியது எழுதியபடி: ‘உங்க ஆபீசில் காத்திருப்பவங்க உட்கார எத்தனை நாற்காலி இருக்கு? எத்தனை பேர் நிக்கிறாங்க? முதலில் ஊகிக்கவும். பிறகு எழுந்து போய் எண்ணவும். உதவிக்கு யாரையாவது கூப்பிட்டுக்கலாம். திங்கட்கிழமை சொல்லணும்.’