பீட்டா கேட்டினினும் பெரியப்பாவின் நோட்டும்

என் ஆசை அண்ணாத்தைக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அதனால் நேராகச் செய்திக்கு வருகிறேன். நீ விசில் ஊதிய செங்கல்பட்டு–மாமல்லபுரம் பஸ் இன்னும் திருக்கழுக்குன்றத்தில் தேவைக்கு மேலேயே நிற்கிறது. உன் மகள் மலர் காலேஜுக்குப் போகிறாள். உன் வாய் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. உன்னிடமிருந்து வேறு என்ன வந்திருக்குமோ என்றுதான் இரண்டு வருஷமாக எனக்குப் பயம்.

பொத்தேரிப் பக்கம் நான் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது எத்தனை கேலி செய்தாய். "எம்மாம் படிச்சிட்டு மீன் முட்டைய பாத்துகினு கீறியே, கொழம்பு எப்ப வெப்ப?" என்பாய். நான் பார்த்துக்கொண்டிருந்தது முட்டைக்குள் இருக்கும் பீட்டா கேட்டினின் என்ற புரதத்தை. அன்று உனக்கு விளங்கும்படி சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

அதுவும் உன்னைப் போல ஒரு கண்டக்டர்தான். கூட்டத்தை நெருக்கி நிற்க வைப்பது ஒரு வேலை, அதாவது ஒரு செல்லைப் பக்கத்துச் செல்லோடு சேர்த்துப் பிடித்திருப்பது. ரெண்டு விசில் கொடுத்து வண்டியைக் கிளப்புவது இன்னொரு வேலை. செல்லின் உட்கருவுக்குள் போய், வளர் என்று சொல்லும். மீன் முட்டையில் அது எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம்தான் முதுகும் தலையும் வரும். நீயும் நானும் அம்மா வயிற்றில் உருவானபோதும் இது வேலை பார்த்திருக்கிறது.

ஆனால் விசில் ஓய வேண்டாமா? அதற்காகவே செல்லுக்குள் ஒரு காவல் கூட்டம் உண்டு. மிஞ்சிய பீட்டா கேட்டினினை அவ்வப்போது சிதைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தின் முக்கியமான ஆளைச் செய்யும் மரபணு நம் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பிறவியிலேயே பழுதாகி, குடலில் ஏதோ ஒரு செல்லில் மற்றதும் கெட்டுப்போனால் தடுக்க ஆளில்லை. சதை முளைக்கும். நூறு முளைத்தால் என்றைக்காவது ஒன்று புற்றாகும்.

இதை ஒரு கட்டுரையில் படித்ததும் நேராக வீட்டுக்கு வந்தேன். உன் பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். பெருங்குடலில் புற்று என்பதோடு, குடல் முழுக்கச் சதைமுளைகள் என்றும் அதில் எழுதியிருந்தது. உனக்கு ரத்தம் போனபோது நாங்கள் என்ன செய்தோம்? மூலம் என்றோம். அப்பாவுக்கும் மூலம், தாத்தாவுக்கும் மூலம், நம் வம்சமே சூட்டு உடம்பு என்றோம். பெரியப்பா அச்சரப்பாக்கத்திலிருந்து கருணைக்கிழங்காக அனுப்பினார். மாதக்கணக்கில் அதைச் சமைத்துப் போட்டவள் நான். விலங்கியல் படித்தவள். மன்னித்துவிடு அண்ணாத்த.

செங்கல்பட்டில் ஒரு குடல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, முன்னாலேயே தெரிந்தால் காப்பாற்றிவிடலாம், குடும்பத்தில் எல்லார் பெயரையும் எழுதி வாருங்கள் என்றார். எனக்கு அதுவா கஷ்டம்? மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடலில் முழுகி, மணலில் குலசாமிக்குப் படையல் போடுவோமே, அதற்குப் பங்காளிகளை அழைக்கப் பெரியப்பா ஒரு நோட்டு வைத்திருக்கிறார் இல்லையா? அதைப் பார்த்து வீடு வீடாக அழகாக எழுதிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "எல்லாம் ஆம்பளைங்களா இருக்காங்களேம்மா. உங்க குடும்பத்துல பொண்ணே பொறக்கலியா? அப்ப நீங்க யாரு?"

கட்டிக்கொடுத்த பெண் வேறு குலசாமிக்குப் போனவள், கட்டிக்கொடுக்காதவள் போகப்போகிறவள். நோட்டில் ஏற மாட்டார்கள். செய்யூர் அத்தை இல்லை, மலர் இல்லை, நானும் இல்லை. பத்து வருஷமாக பீட்டா கேட்டினினோடு குடித்தனம் நடத்தியவள், என்னையே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த மாசி மகத்தில், ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்த சொந்தங்களுக்கு நடுவில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பார்கள் என்றதும் பாதிப் பேர் கடலை வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள்.

"கொழாய எங்க வுடுவாங்கம்மா?" என்றார் பெரியப்பா.

எங்கே என்று சொன்னேன். ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, பெரியவன் நான்தான கீறேன். மொதல்ல எனக்கு வுடச் சொல்லு. அப்பால எவன் வர மாட்டேன்றான்னு பாக்கறேன்."

எழுபது வயசில் போய்ப் படுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை. அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், அத்தையும் வந்தாள், அவளுக்கும் ஒன்றுமில்லை. இப்போது நோட்டில் பெண்களுக்கென்று தனிப் பக்கம், பெரியப்பா கையெழுத்திலேயே இருக்கிறது.

எனக்கு இருந்தது.

பதறாதே. புற்றாவதற்கு முன்பே பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறேன், கழிப்பறைக்குத்தான் அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் எந்த ஊரில் கழிப்பறை சுத்தம் என்று இப்போது என்னைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

மலரின் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. போன வாரம் ரிப்போர்ட் வந்தது. அந்தப் பழுது அவளிடம் இல்லை. "அப்ப எனக்குக் கொழாய் கெடையாதா அத்த?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டு பஜ்ஜியைக் காலி செய்தாள். நான் சந்தோஷத்தில் அழுதேன். நீ இருந்திருந்தால் பஸ்ஸில் எல்லாருக்கும் சொல்லியிருப்பாய், இல்லையா?

ஒரு வாக்குத் தருகிறேன். மிச்சமிருக்கும் குடலை வருஷம் தவறாமல் காட்டிக்கொள்வேன், மலர் கல்யாணத்தில் உன் இடத்தில் நான் நிற்பேன். அப்பா நாற்பதைப் பார்க்கவில்லை. நீ முப்பத்தெட்டில் நின்றுவிட்டாய். போன மாதம் எனக்கு நாற்பது முடிந்தது. இனிமேல் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசு.

இப்படிக்கு,
உன்னைவிட இரண்டு வயது மூத்தவளான உன் தங்கை,
வள்ளி