தங்க எழுத்தில் என் பெயர்

பினோன்டோ, மணிலா
ஜூன் 14

அன்புள்ள மரிசெலுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை எட்வினும் குழந்தைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். எனக்கும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அலுப்புதான். மழை தொடங்கிவிட்டது, ஓங்பின் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர், இரண்டு ஞாயிறு கோயில் பூசைக்குப் போகவில்லை. கொன்சுவேலோ அத்தைக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது எல்லோருடைய சுருக்கங்களும் தெளிவாகத் தெரிகின்றன என்று குறைபட்டுக்கொள்கிறாள். சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை என்று எட்வின் எழுதியிருந்தார். பேரிக்காயைக் குடைந்து கற்கண்டு போட்டு ஆவியில் வேகவைத்துக் கொடு, உனக்கு அம்மா அப்படித்தான் கொடுப்பாள். மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேள், எனக்கு என்ன தெரியும்.

ஒரு விஷயம் எழுத வேண்டும், மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். நம் குலச் சங்கத்துக் கட்டிடத்தையும் இப்போது சனிக்கிழமை நடைப்பயணத்தில் சேர்த்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டு நம் சீனர் சந்துகளைப் பார்க்க வருவார்கள், ட்ரிக்ஸி என்ற பெண் வழி காட்டுவாள். அவள் சொல்வதில் தப்பு இருக்கிறதா என்று ஒரு நடை கூடவே போய்க் குறித்து வரும்படி சங்கத்துச் செயலாளர் என்னைக் கேட்டார். முப்பத்தாறு வருடம் பூகோளம் நடத்தியவன் என்பதால் கேட்டிருப்பார். மறுக்கத் தெரியாமல் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். பெரிய கோயிலில் தொடங்கி, ஊதுபத்தி ஏற்றும் சாந்தோ கிறிஸ்தோ சிலுவையில் கும்பிட்டு, கர்வஹால் சந்தில் காய்கறிக் கூடைகளைத் தாண்டி, நான் எழுபத்தெட்டு வருடமாக நடக்கும் வழியிலேயே நடந்தேன். யாராவது நின்று எதையாவது வியந்தால் நானும் அதைப் புதிதாகப் பார்க்க வேண்டியிருந்தது, அதுவே களைப்பு. பதினாறு தப்புகள் குறித்தேன். அவளிடம் ஒன்றையும் சொல்லவில்லை, குழந்தை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு வருகிறாள், நடுவில் எப்படிக் குறுக்கிடுவது.

கடைசியில் சங்கத்தின் நான்காம் மாடி, மூதாதையர் பலகைகள் இருக்கும் கூடம். கணவன் மனைவி பெயர் ஒரே பலகையில் இருக்கும், செத்தவர் பெயருக்குத் தங்கம், உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு என்று அவள் சரியாகத்தான் சொன்னாள். பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு பலகையைக் காட்டினாள். "இங்க பாருங்க, ரெண்டு பேருக்குமே தங்கம். அப்படின்னா ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டாங்க. பிள்ளைங்க வெளிநாட்டுல போல, வந்து பாக்க ஆளில்ல." கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் அம்மாவின் பெயர், பக்கத்தில் ட்ரிக்ஸிக்குத் தெரியாத என் சீனப் பெயர், இரண்டும் புதுத் தங்கத்தில் மின்னின. கூட்டத்தில் ஒருவர் தலை தாழ்த்தி வணங்கினார், அவரைப் பார்த்து எல்லோரும் வணங்கினார்கள். கடைசி ஆளாக நின்ற நானும் வணங்கிவிட்டேன், மரிசெல். நோட்டில் பதினேழு என்று எண் போட்டேன், எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

யார் மேலும் குற்றமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பலகைகளுக்குப் புதுப் பூச்சு, அதற்கு முன் சங்கம் வீட்டுக்கு வீடு ஒரு தாள் அனுப்பும். உயிரோடு இருப்பவர் யார் யார் என்று பிள்ளைகள்தான் அதில் எழுத வேண்டும். இருப்பவன் தன் பெயரைத் தானே எழுதினால் ஆயுள் குறையும் என்பது நம் ஆட்கள் வழக்கம், அது உனக்கும் தெரியும். பிப்ரவரியில் வந்த தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உனக்கு அனுப்பத்தான் உறை எழுதினேன். பிறகு, நீ கோபமாக இருக்கிறாய், இதைச் சாக்காக வைத்துக் கடிதம் போடுகிறேன் என்று நினைப்பாயோ என்று வைத்துவிட்டேன். பெயர் வராத வீட்டில் ஆளில்லை என்று எடுத்துக்கொண்டு பூச்சுக்காரர் தங்கம் பூசிவிட்டார்.

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி அக்கா நான் போய்ச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெயருக்குத் தங்கம் ஏறியவர்கள் பட்டப்பகலில் மாடிப்படி ஏறி வரக் கூடாது, பயமாக இருக்கிறது என்றாள். அப்புறம் அவளே விவரமும் சொன்னாள். திரும்பச் சிவப்பாக்கலாம், ஆனால் பிள்ளையின் கையெழுத்தில் தாள் வேண்டும், அதுவும் பேய் மாதம் பிறப்பதற்குள். ஆகஸ்டில் அது பிறந்துவிட்டால் பலகையைத் தொட மாட்டார்கள், மாதம் முடிந்ததும் பூச்சுக்காரர் ஊருக்குப் போய்விடுவார், அப்புறம் அடுத்த பன்னிரண்டு வருடம். பேய் மாதத்தில் செத்தவர்களுக்குக் காகிதச் சாமான் எரிக்கும்போது உங்களுக்கும் சேர்த்துத்தான் எரிப்போம் என்றாள். "உங்க செருப்பு சைஸ் என்ன வாத்தியாரே? இப்பவே சொல்லி வையுங்க, பொருந்தலேன்னு அங்கேருந்து திருப்பி அனுப்ப முடியாது."

பத்து நாள் சும்மா இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. என்றைக்கானாலும் தங்கம்தானே, இரண்டு முறை பூச எதற்கு. மாலையில் படியேறி வந்து கதவைத் திறக்கும்போது ட்ரிக்ஸி சொன்னது சரிதானோ என்றுகூடத் தோன்றியது. ஆனால் தப்புகளின் பட்டியலைச் சரிபார்க்காமல் கொடுக்க மனம் வரவில்லை, போன சனிக்கிழமை மறுபடி நடந்தேன். அதே பலகைக்கு முன் ஒரு அம்மாள், அந்த மனிதர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். ட்ரிக்ஸி, ஏதோ வாத்தியார் என்று கேள்வி, ரொம்ப நல்லவராம், யாரிடமும் ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டாராம் என்றாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல் கையைத் தூக்கினேன். "அது நான்தாம்மா. இன்னும் போகல" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ட்ரிக்ஸி வெளிறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அது சூடாக இருந்ததாலோ என்னவோ அழுதுவிட்டாள். அவளைத் தேற்றி அனுப்பினேன். கீழே வந்து சூப் நூடுல்ஸ் ஒரு முழுக் கிண்ணம் சாப்பிட்டேன், பல மாதமாகப் பாதிக்கு மேல் இறங்கியதில்லை.

அன்றே முடிவு செய்தேன், அதனால் உனக்கும் சொல்லிவிடுகிறேன். அம்மா போனதிலிருந்து என்னை அங்கே உன் ஊர் கால்கரிக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு முறை உன்னை அறையைத் தயார்செய்ய வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ கோபப்பட்டது நியாயம். நான் வரவில்லை, மகளே. அங்கே உன் வீட்டில் மரியாதையாக உட்கார்ந்திருப்பேன், இங்கே களைத்தாலும் நடந்துகொண்டிருப்பேன். இதைச் சொல்ல மூன்று வருடம் எடுத்ததற்கு மன்னித்துவிடு.

அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். உனக்கும் எட்வினுக்கும் பிள்ளைகளுக்கும் கடவுளின் காவலும் உன் அம்மாவின் ஆசியும் துணையிருக்கட்டும். இரவில் வண்டி ஓட்டும்போது நிதானம். தாளில் ஒரு வரி எழுதினால் போதும், என் பெயரைப் போட்டு, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று. மையால் எழுதி ஜூலைக்குள் அனுப்பு. ஆனால் சரிபார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எழுதுவதற்கு முன் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா
பெனித்தோ குவா