நீ விரட்டிய மியூசியங்கள்

என் பிடிவாதக்காரக் கிழவா,

"இங்க உக்காந்து நகம் கடிக்காதே. வியன்னாவுல இல்லாத மியூசியமா? போய்ப் பாரு" என்று ஆபரேஷனுக்குப் போகும்போதே விரட்டினாய். போனேன்.

கடிகார மியூசியத்தில் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டியது. காவலரிடம், "எதுங்க சரியான நேரம்?" என்று கேட்டேன். "எதையும் நம்பாதீங்கம்மா. நானே கைபேசியத்தான் பாக்குறேன்" என்றார். அங்கே இருப்புக்கொள்ளவில்லை. உலக உருண்டைகளை வைத்திருக்கும் மியூசியத்துக்குப் போய், ஒன்றையும் பார்க்காமல் சுற்றிவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம் எந்த டிராமில் ஏறினேன் என்றே தெரியாது. இறங்கிப் பார்த்தால் பெரிய கல்லறைத் தோட்டம். முன்னால் சவ அடக்க மியூசியம்! வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

"உள்ள வாங்க, வெளிய குளிருது" என்றாள் டிக்கெட் கொடுக்கும் பெண்.

"இன்னிக்கு வேண்டாம்."

"அதுவும் சரிதான். இங்க வர யாரும் அவசரப்பட வேண்டாம்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போகும் டிராமை ஓடிப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நர்ஸ் சொன்னாள்: "உங்க வீட்டுக்காரர் கண் முழிச்சுட்டார். தண்ணி தரலைன்னு எங்க எல்லாரையும் திட்டித் தீக்குறார்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

காலையில்தான் உன்னைப் பார்க்க விடுவார்களாம். அதனால் இதை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். எல்லாத் திட்டையும் அவர்கள்மேலேயே கொட்டிவிடாதே. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

உன் மனைவி